சிலிக்கான் வைத்து அடைத்த வீடு

பின்னறை ஜன்னலின் கண்ணாடியில், உள்பக்கமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வேர்த்திருந்தது. மழை நாளில் கண்ணாடி வேர்ப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடமாக ஜன்னல் மாட்டிப் பிழைக்கிறவனுக்கு அது எங்கே தொடங்கும், எப்படி ஏறும் என்பதெல்லாம் மனப்பாடம். கீழ் மூலைகளில் தொடங்கும், ஓரங்களைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே வரும், நடுக்கண்ணாடிக்கு வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். இது அப்படி வரவில்லை. ஓரங்கள் நான்கும் பளிச்சென்று இருக்க, நிற்கிற ஓர் ஆளின் முகம் வரும் உயரத்தில், ஒரே ஒரு வட்டம் மட்டும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. இஸ்திரி மேஜை, இரண்டு பெட்டிகள், காற்றுப் போன ஒரு சைக்கிள், இவைதான் அங்கே குடியிருந்தன.

அவன் சட்டைக் கையால் வட்டத்தைத் துடைத்தான்.

“நேத்தும் துடைச்சேன், முந்தாநாளும் துடைச்சேன்,” என்றாள் நிலைப்படியில் நின்ற தங்கை. “அதே இடத்துலதான் வருது அண்ணா.”

இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே அடைத்திருக்கும் வாயு கசிந்துபோனால் நடுப்பகுதி மட்டும் குளிர்ந்து இப்படி வேர்க்கும் என்றும், அடுத்த வாரம் வேறு கண்ணாடி போட்டுத் தருவதாகவும் அவன் சொன்னான். வாய் சொன்னதை மனம் நம்பவில்லை. மாட்டி மூன்று வாரம்கூட ஆகாத கண்ணாடி. போதாக்குறைக்கு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைத்த இடத்தின் நடுவில் ஒரு பொத்தான் அளவுக்கு மீண்டும் வெள்ளை படிந்தது. படிந்தது, சுருங்கியது, கொஞ்சம் பெரிதாக மறுபடியும் படிந்தது. தங்கை அதைப் பார்த்துவிடாதபடி அவன் சற்று நகர்ந்து நின்றுகொண்டான்.

தொழிலில் அவனுக்குச் சிலிக்கான் என்று பட்டப்பெயர். எந்த இடுக்கைக் கண்டாலும் கை தானாக, அடைப்புப் பசை பிதுக்கும் சிலிக்கான் துப்பாக்கியைத் தேடும்; பல் துலக்குவதற்கும் அவன் அதைத்தான் பிதுக்கிக்கொள்கிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். ஆனால் எதை அடைக்கக் கூடாது என்று, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறவனும் அவன்தான். ஜன்னல் சட்டத்தின் மேல்பக்கத்தில், விரல் அகலத்துக்கு, நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். ஜன்னலை இழுத்து மூடிவிட்டாலும் அதன் வழியாகக் கொஞ்சம் காற்று வந்து போகும். அவர்கள் அதை மூக்கு என்பார்கள். பழைய மர ஜன்னலுக்குத் தனியாக மூக்கு தேவையில்லை, அதற்கு உடம்பெல்லாம் ஓட்டை. புதிய ஜன்னல் ரப்பரும் இரட்டைக் கண்ணாடியுமாக எறும்பு மூச்சுவிடக்கூட இடம் கொடுக்காது. அதனால்தான் விதி: பழைய ஜன்னல் இருந்தபோது அறைக்குள் வந்த காற்று, புதியது வந்தபிறகு குறையக் கூடாது. கேஸ் ஹீட்டர் எரிகிற இடம் என்றால், சுவரில் ஒரு துவாரம் யாரும் மூட முடியாதபடி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ஊருக்குத்தான் உபதேசம். தங்கை வீட்டில் ஆறு ஜன்னல்களின் மூக்கையும் அவன் தன் கையாலேயே அடைத்திருந்தான். சமையலறையில் ஹீட்டருக்கு மேலே இருந்த சுவர்த் துவாரத்தையும் விட்டுவைக்கவில்லை.

எல்லாம் சிட்டுவுக்காக. தங்கையின் ஒரே மகள், எட்டு வயது, பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு. வீட்டுக்கு எதிரே லாரிகள் ஓயாமல் போகும் சாலை. மர ஜன்னல் இருந்தவரை படுக்கை விரிப்பின் மேல் மாவு சலித்த மாதிரி புழுதி கிடக்கும். புது ஜன்னல் மாட்டிய மறுநாளே, மூக்கு வழியாக வந்த தூசியை விரலால் தொட்டுக் காட்டித் தங்கை அழுதாள். கணவன் போனபிறகு ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்க்கிறவள். அவள் அழுதால் அவனுக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று அடைத்துவிட்டான். முதல் வாரம் சிட்டு இழுப்பே இல்லாமல் தூங்கினாள், தங்கை அவனைக் கொண்டாடித் தீர்த்தாள். இரண்டாவது வாரம் இருவருக்கும் தலைவலி என்றாள். மூன்றாவது வாரம் இழுப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

அடைத்த வீட்டில் ஹீட்டர் எரிந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை ஜன்னலுக்கு அளவெடுக்கப் போன வீட்டில் எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டார் வந்து உடைத்தார்கள். உள்ளே மூன்று பேர், ஹீட்டர் கக்கிய நச்சுக்காற்றை இழுத்துச் செத்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கன்னமெல்லாம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பதுபோலக் கிடந்தார்கள். அந்தக் கன்னங்களின் நிறம்தான் மூன்று நாட்களாக அவனைத் தூங்கவிடவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். தங்கையிடம் உண்மையைச் சொல்ல வெட்கம் தடுத்தது. சிட்டுவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பது என்ற பயம் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதனால்தான் கொட்டுகிற மழையில் கத்தியும் குறடுமாகக் கிளம்பி வந்தான். வந்ததும் முதல் வேலையாக ஹீட்டரின் கேஸை மூடினான். சர்வீஸ் பண்ண வேண்டியிருக்கிறது, தொடாதே என்றும், எல்லா ஜன்னலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றும் மட்டும் சொல்லிவைத்தான்.

தங்கை துணிக்கடையில் வேலை செய்கிறாள், மதியம் இரண்டு மணிக்கு அவளுடைய முறை. குடையை எடுத்துக்கொண்டவள் சிட்டுவின் அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்துவிட்டு இப்போதுதான் கண்ணசந்திருக்கிறாள் என்றாள்.

“அவ ரூமைக் கடைசியா பாருங்க அண்ணா. சாரல் பட்டா இன்னும் ஜாஸ்தியாயிடும்.”

சரியென்று தலையாட்டினான். அவள் போனதும் வீடு மழைச் சத்தத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஆனால் இரட்டைக் கண்ணாடி மழையை ஊமையாக்கியிருந்தது, தண்ணீர் வழிவது தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அந்த வேலைத்திறனுக்காக வேறொரு நாளாக இருந்தால் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருப்பான். இப்போது காதில் விழுந்ததெல்லாம் சிட்டுவின் இழுப்பு மட்டும்தான், எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி, உள்ளே ஒரு கீச்சு, வெளியே ஒரு கீச்சு. வீடெங்கும் வேகவைத்த துணியின் வாடையும், அதன் அடியில் பழைய பூச்சாடித் தண்ணீரின் வாடையும் கலந்து நின்றன.

ஜன்னல் மாட்டி முடித்த வீட்டில் ஊதுபத்தி கொளுத்திப் பார்ப்பது அவன் வழக்கம். புகை ஆடாமல் நேராக ஏறினால் எங்கும் காற்றுக் கசிவு இல்லை என்று அர்த்தம். வெட்டுவதற்கு முன்னால் எந்த அறை எவ்வளவு இறுக்கமாக அடைபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பின்னறையில் ஒன்றைக் கொளுத்தி, கதவைச் சாத்திவிட்டு, இஸ்திரி மேஜை ஓரமாக நின்றான். புகை நூல் பிடித்த மாதிரி நேராக எழுந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அவன் பக்கம் சாய்ந்தது. நாலு எண்ணும் நேரம் சாய்ந்தே இருந்துவிட்டு நிமிர்ந்தது, நிமிர்ந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அங்கேயும் நாலு எண்ணும் நேரம். மறுபடியும் அவன் பக்கம்.

நான் விடுகிற மூச்சுதான் அதை ஆட்டுகிறது என்று நினைத்துக்கொண்டான். நினைத்தவுடனே சிரிப்புகூட வந்தது. வாயைப் பொத்தி, மூக்கைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு புகையைப் பார்த்தான். புகை அவன் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. ஜன்னல் பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் வட்டம் இப்போது தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. புகை அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் வட்டம் சுருங்கியது, அவன் பக்கம் வரும்போது விரிந்தது. நெஞ்சு வெடிக்கும்வரை அடக்கிப் பார்த்துவிட்டு, ஊதுபத்தியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொண்டான். அடைத்த வீட்டுக் காற்று தலைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

“மாமா.”

சிட்டு விழித்திருந்தாள். மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தைத்தான் முதலில் பார்த்தான். சிவப்பு இல்லை, வெளிறித்தான் இருந்தது. அதற்காக அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நல்ல காற்று வந்துவிடும், மாமா வழி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நெற்றியைத் தடவிச் சொன்னான்.

“அதுக்கும் வழி விடுவீங்களா?”

“எதுக்கு?”

“முன்னாடி தினமும் பின்ரூம் ஜன்னல் சந்து வழியா வரும், என்னோட இந்த ஜன்னல் சந்து வழியா போயிடும். யாரையும் ஒண்ணும் பண்ணாது.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு கீச்சு. “இப்ப உள்ள மாட்டிக்கிச்சு. அதுக்கும் என்னை மாதிரியே மூச்சு முட்டுது மாமா.”

கெட்ட காற்றில் கெட்ட கனவு வரும், தூங்கு என்றான். சிட்டுவின் ஜன்னலை உடனே திறந்துவிடலாமா என்று கைப்பிடியில் கை வைத்தான். வெளியே சாரல் கண்ணாடியைச் சாட்டையாக அடித்துக்கொண்டிருந்தது. தங்கை சொன்னது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டான். கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினான்.

சமையலறைச் சுவர்த் துவாரத்தை முதலில் உடைத்தான். அங்கே அடைப்பு சுத்தமாக வந்தது. அடுத்தது சமையலறை ஜன்னலின் மூக்கு. கத்தியால் இருபக்கமும் கீறிக் குறடால் இழுத்ததும் சிலிக்கான் வெள்ளைப் பட்டையாக முழுசாக வந்துவிட்டது. தங்கையின் அறையில் வந்த பட்டை ஈரமாக இருந்தது. சிலிக்கான் தண்ணீரை வாங்காது, ஈரம் எப்படி என்று யோசித்தபடி அதைப் பையில் போட்டான். கூடத்தில் இரண்டு ஜன்னல்கள். முதலாவதன் கண்ணாடியில், முகம் வரும் உயரத்தில், ஒரு வட்டம் வேர்த்திருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

அவன் ஏணிப்படியில் ஏறி நின்றான். வட்டம் அவன் இடுப்புக்கு நேராக இருந்தது. கீறினான். இழுத்தான். பட்டையின் அறையைப் பார்த்த பக்கம் சமமாக இல்லை. வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றும் இரண்டு வளைந்த கோடுகளாக, நடுவில் கொஞ்சம் உறிஞ்சி இழுத்த மாதிரி மேடாக. விரலால் அழுத்தினால் இப்படி வராது. பல் தடமும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

உதடு.

மூக்கு இருந்த நீளம் முழுக்க, பக்கத்தில் பக்கத்தில், வாயை வைத்து வைத்து இழுத்த தடம். இறுகிய சிலிக்கானில் உதடு பதிய எத்தனை நாள் இழுத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட மனம் மறுத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. இடுப்புக்கு நேராக, கண்ணாடியில், வட்டம் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

அதன் பிறகு அவன் எதையும் கீறவில்லை, எதையும் யோசிக்கவில்லை. வழி வேண்டும், அவ்வளவுதானே. வழியை விட்டுவிட்டால் போய்விடும். கைப்பிடியைத் திருகிக் கதவுகளை வெளிப்பக்கமாகத் தள்ளினான். மழை முகத்தில் அறைந்தது. இரண்டாவது ஜன்னல். தங்கையின் அறை. சமையலறை. பின்னறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, தடவிப்பிடித்து, அதையும் திறந்தான். ஈர மண்ணும் டீசலும் கலந்த காற்று வீட்டுக்குள் பாய்ந்தது. லாரிச் சத்தம் வந்தது. யாரோ தெருவில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. மூன்று வாரமாக இந்தச் சத்தத்தை வெளியே நிறுத்தியதற்காகத்தான் எல்லோரும் அவனைப் பாராட்டியிருந்தார்கள்.

பின்னறையில் ஊதுபத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான். புகை கலைந்து எல்லாப் பக்கமும் சாதாரணமாகப் பறந்தது. கண்ணாடியில் வட்டம் இல்லை. கூடத்துக்கு வந்தான், அங்கேயும் இல்லை. போய்விட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஈரத் தரையில் கையூன்றி, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். இன்றைக்குத் தங்கை வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் திட்டட்டும், அடிக்கட்டும், சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தபோது நெஞ்சுக்குள் லேசாக இருந்தது.

அப்போதுதான் கவனித்தான். கீச்சுச் சத்தம் கேட்கவில்லை.

எப்போது நின்றது? ஜன்னலைத் திறக்கும்போது கேட்டதா? ஏணிப்படியில் நிற்கும்போது? மற்ற ஐந்தையும் திறந்தாகிவிட்டது. மூடியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சிட்டுவின் அறை.

ஓடினான். கதவைத் தள்ளினான். திறக்கக் கொஞ்சம் அடம் பிடித்தது, பிறகு திறந்துகொண்டது. அறை அமைதியாக இருந்தது. சிட்டு தலையணைகளில் சாயவில்லை, மல்லாந்து நீட்டிப் படுத்திருந்தாள். மூச்சிழுப்புக்காரப் பிள்ளை, அப்படி நீட்டிப் படுத்து அவன் பார்த்ததே இல்லை. கண் திறந்திருந்தது.

“கண்ணு. மூச்சு எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்கு மாமா.”

தெளிவான குரல். இடையில் ஒரு கீச்சு கிடையாது. அந்த ஒரு நொடி அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பாய்ந்து போய்க் கைப்பிடியைத் திருகினான், அந்த ஜன்னலையும் வெளியே தள்ளினான். சாரல் பட்டால் படட்டும். காற்று வரட்டும்.

“அது போயிடுச்சு சிட்டு. எல்லா ஜன்னலையும் திறந்துட்டேன். வழி விட்டுட்டேன்.”

அவள் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நீங்க வர்ற வரைக்கும் அதால தாங்க முடியல மாமா.”

சொல்லிவிட்டு மூச்சை உள்ளே இழுத்தாள்.

சத்தமில்லாத, நீளமான மூச்சு. நாலு எண்ணும் நேரம் ஆயிற்று. எட்டு ஆயிற்று. சிட்டுவுக்கு மூன்று எண்ணுவதற்குமேல் இழுக்க வராது, எந்த டாக்டர் சொல்லியும் வந்ததில்லை. பன்னிரண்டு. திரைச்சீலை அசைந்தது. வெளிக்காற்று வீசி ஓய்ந்த பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கட்டில் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது.

“போதும்மா. விடு. மூச்சை விடு.”

இருபது. கொடியில் காயப்போட்ட அவளுடைய துண்டு கட்டில் பக்கம் நீண்டது. மேஜையில் இருந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் அவள் பக்கமாக ஒவ்வொன்றாகப் புரண்டன. அவன் ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். தோள் சில்லென்று இருந்தது. வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனான். உள்ளங்கையை அந்த உதடுகள் மெதுவாகக் கவ்வி இழுத்தன. பறித்துக்கொண்டு பின்னால் விழுந்தான்.

பின்னறையில் ஜன்னல் கதவு அறைந்து மூடிக்கொண்டது. அடுத்தது சமையலறை. தங்கையின் அறை. கூடம். மறுபடியும் கூடம். வெளியே தள்ளித் திறந்த கதவுகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டு, ரப்பரில் போய் இறுகிப் பொருந்தின. லாரிச் சத்தம் நின்றது. மழைச் சத்தம் நின்றது. கடைசியாக அவன் தலைக்கு மேலே இருந்த ஜன்னல், சாரலோடு சேர்ந்து, தானே வந்து மூடியது.

கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. நெஞ்சில் இருந்த காற்று அவனைக் கேட்காமலே தொண்டை வழியாக வெளியேறிக் கட்டில் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சட்டை விலாவோடு ஒட்டியது. முழங்காலில் நின்று கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு பார்த்தான். சிட்டு கண்ணை இமைக்காமல் அவனையே பார்த்தாள். கன்னம் மெல்ல மெல்லச் சிவந்தது. நெஞ்சு, சட்டைப் பொத்தான்கள் தெறிக்கும் அளவுக்கு உயர்ந்து, இன்னும் உயர்ந்துகொண்டே இருந்தது.